மூன்று குழாய் ரத்தம்

காலை ஏழே கால். ஹெக்ஸம் மருத்துவமனை.
ரத்தம் எடுக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது;
மழையை மேல்கோட்டுகள்தான் உள்ளே கொண்டுவரும்.

டோக்கன் நான்கு: ஹெஸ்டர் திர்ல்வெல்.
பேருந்து ஓட்டுகிறவர், வயது ஐம்பத்தெட்டு,
இரும்புச்சத்து போதவில்லையோ என்று சந்தேகம்.
வலது கை நரம்பு ஓடி ஒளியும் ரகம்.
இடது கையை நீட்டிவிட்டு, சுவரில் தொங்கும்
போன வருஷக் காலண்டரைப் பார்த்துக்கொண்டார்.

நீலம். மஞ்சள். ஊதா.
மூடிகளுக்கு வரிசை உண்டு, மாறக்கூடாது.
இதைத் தவிர வேறு பூஜை எனக்குத் தெரியாது.

ஊதா பாதி நிறையும்போது
“கிடியா இருக்கு” என்றார்.

ஊசியை உருவினேன். நாற்காலியைச் சாய்த்தேன்,
காலை உயர்த்தினேன், தண்ணீர் கொடுத்தேன்.
கைகள் அதையெல்லாம் செய்துகொண்டிருக்க
மண்டைக்குள் ஒரு பக்கம் புரண்டது.

ஃபோர் தெரு தர்மக்கடையில்
ஐம்பது பென்ஸுக்கு வாங்கிய சொற்பிறப்பு அகராதி.
முதுகு பிய்ந்தது. எஸ் எழுத்து ‘ஸ்னோ’வோடு நின்றுவிடும்;
பனிக்கு அப்புறம் நேரே டீ.
‘சோல்’ எங்கிருந்து வந்ததென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
ஜி மட்டும் பத்திரமாக இருந்தது. அதில் கிடி:
தலை சுற்றுகிறவர் அல்ல, ஆதியில்
தெய்வம் உள்ளே புகுந்தவர்.

எங்கள் பாஷையில் அதை அருள் வந்தது என்போம்.
என் சட்டையில் குத்திய அட்டையில்
அருட்செல்வி என்றிருக்கிறது.
யார் வாயிலும் நுழையாமல்
‘ஆரூ’வாகத் தேய்ந்து கிடக்கிறேன்.

அருள் வந்தவர் கண் திறந்தார்.
முதலில் காலண்டரை, பிறகு என்னைப் பார்த்தார்.
“சில்லி மீ” என்றார், கழுத்து வியர்வையைத் துடைத்தபடி.
“முப்பது வருஷம் டபுள் டெக்கர் ஓட்டியவள்,
ஒரு ஊசிக்குப் போய்…”

சில்லி, பனிக்கு முன்னால் வருவதால் தப்பித்த சொல்.
பேறு பெற்றவன் என்றுதான் தொடக்கம்.
அப்புறம் கள்ளமில்லாதவன், அப்புறம் பாவப்பட்டவன்,
காலத்துக்கு ஒரு படியாக இறங்கி
முட்டாளில் வந்து உட்கார்ந்துகொண்டது.
சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.
பாவமே செய்யாதவனை நாங்களும்
அப்பாவி என்று பெயர் சூட்டி
அவன் தலையில்தான் மிளகாய் அரைக்கிறோம்.

பஞ்சை வைத்து ஒட்டினேன்.
ஊதாக் குழாயை எட்டு முறை கவிழ்த்து நிமிர்த்தினேன்
(குலுக்கக்கூடாது, உடைந்துவிடும் உள்ளே).
என் மணிக்கட்டை லேசாகத் தொட்டு
“பிளெஸ் யூ, பெட்” என்றார்.

அது காப்பிக் கறைக்குப் பக்கத்தில் இருக்கிறது.
வேர்: ரத்தம்.
மாதாகோயில்கள் எழும்பாத காலத்துக் குளிரில்
பலி கொடுத்ததைத் தொட்டுப் பூசி
ஒன்றைப் புனிதமாக்குவது.
லத்தீன் ஆசிக்கு ஊர்ச்சொல் தேடியவர்கள்
இதைத்தான் கழுவி எடுத்துக்கொண்டார்களாம்.
எவ்வளவு கழுவினார்களோ.

கையுறையின் ஆள்காட்டி விரலில்
ஒரு சொட்டு ஒட்டியிருந்தது, அவருடையது.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன்.
பிறகு கழற்றி மஞ்சள் பையில் போட்டேன்.

சொல்லியிருக்கலாம். வெளியே டோக்கன் ஐந்து
இருமுகிறவர், அவசரக்காரர்.
“முழங்கையை மடக்காதீங்க” என்றேன்.

கோட்டு பட்டன்களைத் தப்பாகப் போட்டுக்கொண்டு
கதவு வரை போனார்.
குட்பை சொல்வார் என்று காத்திருந்தேன்:
அந்தச் சொல்லுக்குள் கடவுளை
மடித்து வைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியும்.
அவர் “டா-ரா” என்றார்.

அது அகராதியில் இல்லை.
மூன்று குழாய்களும் உள்ளங்கையில்
இன்னும் சூடாக இருந்தன.
பெயர் எழுதி ஒட்டினேன்.